எழுந்து நடந்தால் நலமா?

இந்தியக் கிரிக்கெட் வரலாற்றில் இரண்டு துயர நிகழ்ச்சிகள் உண்டு. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே.

முதல் நிகழ்ச்சி 1962ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் ஆடச் சென்ற இந்திய அணியின் தலைவர் நாரி கான்ட்ராக்டர், பார்படாஸ் தீவில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து தலையில் தாக்கி வீழ்ந்தார். தலைக்கவசம் என்பதையே ஆட்டக்காரர் அறியாத காலம் அது. மண்டையோடு உடைந்தது. உடனே அறுவை செய்து, உள்ளே தேங்கிய குருதியை அகற்றினர். எதிரணித் தலைவர் ஃபிராங்க் ஒரெல் தம் குருதியையே அவருக்கு ஈந்தார். பின்னர் நம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அவருடைய மண்டையோட்டில் உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தினார். கான்ட்ராக்டர் பிழைத்தார், மீண்டும் மட்டை பிடித்து முதல்தர ஆட்டங்கள் பலவற்றில் ஆடினார். அந்தத் தகட்டை 2022ஆம் ஆண்டில்தான் எடுத்தனர்.

இரண்டாவது நிகழ்ச்சி 1998ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்தது. நாம் இன்று வாழும் இந்த டில்லி மாநகரின் ஆட்டக்காரர் ராமன் லாம்பா, டாக்காவில் நடந்த ஓர் ஆட்டத்தில், மட்டையாளருக்கு மிக அருகே தலைக்கவசமின்றி நின்றுகொண்டிருந்தார். அடித்த பந்து அவர் தலையில் பட்டுத் தெறித்தது. அவர் எழுந்தார். தாமே நடந்து சென்று அறையை அடைந்தார். சற்று நேரத்தில் நிலைமை மாறியது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர், அறுவையும் செய்தனர். ஆயினும் மூன்றாம் நாள் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 38.

மண்டை உடைந்தவர் பிழைத்தார்; எழுந்து நடந்தவர் மறைந்தார்! அடியின் வேகமும் இடமும் இருவருக்கும் வேறு என்பது உண்மைதான். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்க நான் முற்படவில்லை. ஆனால் இவ்விரு நிகழ்ச்சிகளும் சேர்ந்து நமக்கு ஒரு பாடம் சொல்லுகின்றன. தலையில் அடிபட்டவன் எழுந்து நடந்தான் என்பது அவன் நலமாக இருக்கிறான் என்பதற்குச் சான்று ஆகாது. இந்த ஒரு செய்தியை நம் சங்கத்து மாணவர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் பதிக்க வேண்டும் என்பதே என் அவா.

"இஃது மருத்துவர் அறிய வேண்டிய செய்தி அன்றோ? இயற்பியல் பயிலும் உனக்கு இதில் என்ன வேலை?" என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நான் மருத்துவன் அல்லன். ஆயினும் தலைக்காயத்தின் முதற்பகுதி மருத்துவமனையில் நடப்பதில்லை. ஆடுகளத்தில் நடக்கிறது, விடுதி மாடிப்படியில் நடக்கிறது, சாலை வளைவில் நடக்கிறது. அங்கே மருத்துவர் இல்லை. நாம்தாம் இருக்கிறோம். "இவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாமா, அறைக்கு அழைத்துச் சென்று படுக்க வைக்கலாமா?" என்ற முதல் தீர்ப்பை வழங்குபவர் நாம். தீர்ப்பு வழங்குபவன் வழக்கை அறிந்திருக்க வேண்டாமா?

தலையின் அமைப்பை முதலில் காண்போம். தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே நார், அடுத்து ஓடு, உள்ளே பருப்பும் நீரும். நம் தலையிலும் வெளியே தோலும் முடியும், அடுத்து மண்டையோடு, அதனுள்ளே உறைகள், உறைக்குள்ளே நீர், அந்நீரில் மிதப்பதுபோல் ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளை. ஆனால் தேங்காய்ப் பருப்பைப்போல மூளை ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, கெட்டியாகவும் இருப்பதில்லை. பானையில் உறைந்த தயிரைப்போல மென்மையானது அது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சட்டென நின்றால் பயணிகள் முன்னே சாய்கிறார்கள் அல்லவா? அதுபோலத் தலை சட்டென நிற்கும்போது மூளை நிற்பதில்லை; ஓட்டின் உட்சுவரில் சென்று மோதுகிறது; பின்னர்த் திரும்பி எதிர்ப்பக்கச் சுவரிலும் மோதுகிறது. ஆதலின் பின்தலையில் அடிபட்டவனுக்கு முன்மூளை கன்றிப்போவதும் உண்டு. வெளியே வீக்கம் ஓரிடம். உள்ளே காயம் வேறிடம்! பானை உடையாமலே தயிர் கலங்கிவிடுகிறது.

தலைக்காயம் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தாரை ஒவ்வொருவராக அறிமுகம் செய்து வைக்கிறேன்.

முதலாவது, தோற்காயம். தலைத்தோலில் குருதிக் குழாய்கள் மிகுதி. சிறு கீறலிலும் குருதி ஆறாகப் பெருகும். பார்ப்பவர் அஞ்சி நடுங்குவர். துணியால் அழுத்திப் பிடித்துத் தையல் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவே குருதியின் அளவைக் கொண்டு ஆபத்தின் அளவைக் கணிப்பது பிழை. பெருக்கெடுத்தது பிழைப்பதும் உண்டு. ஒரு துளியும் சிந்தாதது கொல்வதும் உண்டு.

இரண்டாவது, எலும்பு முறிவு. கோடு போட்டாற்போல் விரிசல் விடுவது ஒருவகை. உள்ளே அமுங்கி மூளையை நெருக்குவது ஒருவகை. மண்டையின் அடித்தளம் உடைவது மற்றொரு வகை. அடித்தளம் உடைந்தால் மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடியலாம். கண்களைச் சுற்றிக் கருவளையம் தோன்றலாம். அந்நீரைச் சளி என்று எண்ணிச் சிந்தச் சொல்லுதலும், பஞ்சு வைத்து அடைத்தலும் கூடா.

மூன்றாவது, மூளை அதிர்ச்சி. மருத்துவர் இதனைக் கன்கஷன் என்பர். இதில் எலும்பு முறிவதில்லை; ஸ்கேன் படத்திலும் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் மூளையின் வேலை சிலகாலம் தடுமாறுகிறது. நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்று பலரும் கருதுகின்றனர். பெரும்பாலோர்க்கு நினைவு தப்புவதே இல்லை. கேட்டதையே கேட்டல், விழுந்த நிகழ்ச்சி மறந்துபோதல், தலைசுற்றல், ஒளியைக் கண்டால் கூசுதல், படித்தது மனத்தில் நில்லாமை ஆகியவை இதன் அடையாளங்கள். சில அடையாளங்கள் மறுநாள்தான் தலைகாட்டும். 2019ஆம் ஆண்டு லார்ட்ஸ் மைதானத்தில் பந்து கழுத்தில் தாக்கி வீழ்ந்த ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித், அன்றே மீண்டும் வந்து ஆடினார். மறுநாளோ மூளை அதிர்ச்சியின் அடையாளங்கள் தோன்ற, ஆட்டத்திலிருந்து விலகினார். அவருக்கு மாற்றாக வேறொருவரை ஆடவிடும் விதி அவ்வாண்டுதான் வந்திருந்தது. முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாம் அடி விழுந்தால் விளைவு கொடிது என்பதாலேயே இத்தகைய விதிகள் தேவைப்படுகின்றன.

நான்காவது, மூளைக் கன்றல். முழங்கால் இடித்துக்கொண்டால் கன்றி நீலம் பாய்வதுபோல மூளைத் தசையே கன்றிப்போவது இது. ஐந்தாவது, நரம்பிழைகள் அறுந்துபோதல். தலை வேகமாகத் திருகப்படும்போது மூளைக்குள் ஓடும் மெல்லிய இழைகள் ஆயிரமாயிரமாக இழுபட்டு அறுகின்றன. வேகமாகச் செல்லும் வண்டிகளின் விபத்துகளில் இது மிகுதி. படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாமலே மனிதன் நினைவற்றுக் கிடப்பான்.

ஆறாவதாகச் சொல்ல வேண்டியது குருதித் தேக்கம். நம்மை ஏமாற்றுவதில் வல்லது இதுவே. இதில் இரண்டு வகைகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நெற்றிப்பொட்டுக்கு அருகே மண்டையோடு மிக மெல்லியது. அவ்விடத்தில் எலும்பின் உட்புறத்தை ஒட்டி ஒரு நாடி ஓடுகிறது. எலும்பு விரிசல் விடும்போது அந்நாடி கிழிபட்டால், எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே குருதி தேங்கத் தொடங்கும். தேக்கம் சிறிதாக இருக்கும்வரை அடிபட்டவன் தெளிவாகப் பேசுவான், சிரிப்பான், "எனக்கு ஒன்றுமில்லை" என்பான். சில மணி நேரம் இப்படிக் கழியும். பின்னர்த் தலைவலி, வாந்தி, மயக்கம், முடிவு! மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி அல்லவா? உள்ளே ஒன்று பெருகினால் மற்றொன்று நசுங்கத்தான் வேண்டும். 2009ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள், நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடா நாட்டில் பனிச்சறுக்குப் பயிலும்போது விழுந்தார். தமக்கு ஒன்றுமில்லை என்று கூறி மருத்துவ உதவியை மறுத்தார். பின்னர்த் தலைவலி வந்தது. 18ஆம் நாள் மறைந்தார். உறைக்கு மேல் தேங்கிய குருதியே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. காலத்தில் கண்டால் மண்டையோட்டைத் திறந்து குருதியை அகற்றிக் காப்பாற்றக்கூடிய காயம் இது. காலம் தாழ்ந்தால் எத்தகைய மருத்துவரும் கைவிரிப்பர்.

மற்றொரு வகை, உறைக்குக் கீழே தேங்குவது. முதியோர்க்கு மூளை சற்றுச் சுருங்கியிருக்கும்; அதனால் மூளைக்கும் உறைக்கும் இடையே பாலம்போல் ஓடும் சிறு சிரைகள் இழுபட்டு நிற்கும். குளியலறையில் இலேசாக இடித்துக்கொண்டாலும் அவை கிழிந்து, சொட்டுச் சொட்டாகக் குருதி கசியும். இரண்டு, மூன்று வாரம் கழித்துத் தாத்தா தடுமாறுவார், பெயர்களை மறப்பார், ஒரு பக்கம் கால் இழுக்கும். "வயதாகிவிட்டது" என்று வீட்டார் வாளா இருந்துவிடுவர். இதய நோய்க்காகக் குருதி உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்க்கு இவ்வாபத்து இன்னும் மிகுதி. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம், "அண்மையில் எங்கேனும் விழுந்தீர்களா?" என்று ஒருமுறை கேளுங்கள்.

நிற்க. இவையெல்லாம் எந்த ஊர் மாணவர்க்கும் பொதுவானவை. தமிழ் மாணவர் சங்க இதழில் இவற்றை எழுதுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு.

1974ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரின் மருத்துவர்கள் டீஸ்டேல், ஜென்னட் என்னும் இருவர் ஓர் அளவுகோலை வகுத்தனர். இன்று உலகெங்கும் அதனையே கையாளுகின்றனர். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15 எண்கள். தன் பெயரையும் இடத்தையும் காலத்தையும் தெளிவாகச் சொல்பவனுக்குப் பேச்சில் 5. குழம்பிப் பேசுபவனுக்கு 4. தொடர்பற்ற சொற்களை உதிர்ப்பவனுக்கு 3. எண் குறையக் குறைய ஆபத்து மிகுதி. எளிய அளவுகோல், அருமையான அளவுகோல். ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு மொழியைச் சார்ந்தது!

சென்ற ஆண்டு எங்கள் விடுதி நண்பர் ஒருவர் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். அவர் தஞ்சைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், இந்தி அறியாதவர். மருத்துவமனையில் இந்தியில் வினவினர். அவர் தமிழில் விடை கூறினார். உளறுகிறார் என்று அங்கிருந்தோர் கருதினர். உடன் சென்ற எங்களுக்கோ அவர் பெயரும் ஊரும் சரியாகச் சொல்வது தெரிந்தது. எனவே குழப்பமில்லை என்று எடுத்துரைத்தோம். ஆனால் சற்று நேரத்தில் அவர், "டேய், நாம எங்கடா இருக்கோம்?" என்றார். சொன்னோம். இரண்டு நிமிடம் கழித்து மீண்டும், "நாம எங்கடா இருக்கோம்?" மூன்றாம் முறையும் அதே கேள்வி. இப்போது அது மருத்துவர்க்கு வழக்கமான பேச்சாகத் தோன்றியது; எங்களுக்கோ நெஞ்சு திக்கென்றது. அதையும் மொழிபெயர்த்துச் சொன்னோம். உடனே ஸ்கேன் எடுத்தனர். மூளையில் சிறு கன்றல். இரண்டு இரவு வைத்துப் பார்த்து நலமாக அனுப்பினர்.

அம்மருத்துவர் மீது குறை கூற இதனை எழுதவில்லை. தெளிவை உளறலாகவும், உளறலைத் தெளிவாகவும் காட்ட வல்லது மொழிச்சுவர். அச்சுவரில் சாளரம் திறப்பவன் உடன் செல்லும் நண்பன். அடிபட்டவனின் இயல்பான பேச்சு எது, இயல்பு மாறிய பேச்சு எது என்பதை, எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் அவனோடு ஓர் அறையில் வாழ்ந்தவனைப்போல் அறியாது. ஊரில் இருந்தால் தாய் இரவெல்லாம் விழித்திருப்பாள். "பிள்ளை முகம் ஒரு மாதிரி இருக்கிறதே" என்று முதலில் கண்டுபிடிப்பவள் அவளே. ஊர்விட்டு வந்த நமக்கு இங்கே அறைத்தோழனே தாய்.

அந்தத் தாய்மைக்குச் சில விதிகள் உண்டு. அடிபட்டவனை முதல் 24 மணி நேரம் தனியே விடாதீர்கள். தலைவலி ஏறிக்கொண்டே போதல், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, கருவிழிப் பாவைகளில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாதல், ஒரு பக்கக் கைகால் தளர்தல், பேச்சுக் குழறல், எழுப்பினால் எழாமை, காதிலோ மூக்கிலோ குருதியோ தெளிந்த நீரோ வடிதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 112ஐ அழையுங்கள்; மருத்துவமனைக்கு விரையுங்கள். உயரத்திலிருந்து விழுந்தவனை அசைக்குமுன் கழுத்தை எண்ணிப் பாருங்கள், கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம். மயங்கியவன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள்; அது மூச்சுக்குழலில் புகும். வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை; அவனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். "தூங்கினால் செத்துவிடுவான்" என்று அஞ்சி அடித்து எழுப்பவும் வேண்டா. தூக்கம் கொல்வதில்லை, தூக்கம் அடையாளங்களை மறைத்துவிடுகிறது, அவ்வளவே. மருத்துவர் பார்த்து நலமென்று அனுப்பிய பின் தூங்கலாம். அருகே ஒருவர் இருக்க வேண்டும். மது அருந்தியவன் விழுந்து கிடந்தால், "போதை தெளியட்டும்" என்று விட்டுப்போவது பெருந்தவறு. மதுவும் மூளைக்காயமும் ஒரே முகமூடி அணிந்து வரும்.

அப்படியாயின் தலையில் தட்டிக்கொண்டவர் எல்லாரும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டுமா? வேண்டா. தலையில் படும் அடிகளுள் பெரும்பாலானவை சிறியவையே. 1971ஆம் ஆண்டு லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியியல் அறிஞர் முதல் நோயாளியைப் படமெடுத்தது முதல், சி.டி. ஸ்கேன் எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளது. ஆயினும் அதிலும் எக்ஸ்-கதிர் உண்டு, செலவும் உண்டு. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நம் கடமை விழிப்பு. வீண் அச்சம் அன்று.

வருமுன் காத்தலைப் பற்றியும் ஒரு சொல். நின்ற நிலையில் விழுபவன் தலை, ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சிமெண்டுத் தரையில் அது 5 மில்லிமீட்டருக்குள் நிற்பதாகக் கொண்டால், தலை தாங்க வேண்டிய முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் 320 மடங்கு. இடையே தலைக்கவசத்தின் மென்பஞ்சு 25 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அது 64 மடங்காகக் குறைகிறது. பள்ளி மாணவனும் போடக்கூடிய கணக்கு இது! ஓடும் ஸ்கூட்டர் இன்னும் வேகமானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மைய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் தலைக்கவசம் அணியாமல் சாலையில் மாண்டோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். "வளாகத்துக்குள்தானே!" என்று கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிச் செல்லும் நண்பர்களே! நியூட்டனின் விதிகள் வளாக வாயிலோடு நின்றுவிடுவதில்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம் பாட்டிமார் ஆறுதல் கூறுவர். தலைப்பாகை கைப்பிடியில் தொங்கினால், வந்தது எதனோடு போகும்?

சாலையில் அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்கினால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேரும் என்ற அச்சம் இன்னும் பலருக்கு உண்டு. உதவி செய்வோரைக் காக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. நல்ல எண்ணத்துடன் உதவுபவனைத் தன் பெயரைச் சொல்லுமாறும் கட்டாயப்படுத்துதல் கூடாது. ஆகவே அஞ்சாது கைகொடுங்கள்.

இறுதியாக, நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: சங்கத்தின் சார்பில் நடக்கும் கிரிக்கெட், கபடி, உறியடி எதுவாயினும், தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் களம் இறங்கலாகாது என்று விதி செய்வோம். கோப்பையை அடுத்த ஆண்டும் வெல்லலாம். இரண்டு: ஒவ்வொரு விடுதியிலும் இந்தியும் தமிழும் நன்கறிந்த இருவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம், நள்ளிரவாயினும் அவர்கள் மருத்துவமனைக்கு உடன் செல்லட்டும். மூன்று: புதிதாக வரும் மாணவர்க்கு நாம் அளிக்கும் வரவேற்பு விழாவில், பாட்டுக்கும் நாடகத்துக்கும் இடையே அரை மணி நேரம் ஒதுக்கி, மருத்துவக் கல்லூரியில் பயிலும் நம் தோழர் ஒருவரைக் கொண்டு இவற்றை விளக்கச் செய்வோம்.

தமிழ் வளர்க்கவே சங்கம் என்பர் சிலர். உண்மை. ஆனால் மொழி வாழ்வது ஏட்டில் மட்டும் அன்று. அதைப் பேசுவோர் நாவிலும், அந்நாவை இயக்கும் மூளையிலும் வாழ்கிறது. நண்பன் விழுந்தால் தூக்கி விடுவது நட்பு. எழுந்து நடந்த பின்னும் அவனைவிட்டு அகலாமல் அந்த இரவைக் கழிப்பது அதனினும் உயர்ந்த நட்பு.